போர்க்காலத்தில் மின்சாரத்தைக் காப்பது எப்படி? ஓர் எளிய விளக்கம்

2022 நவம்பர் 23 அன்று ரஷ்யா உக்ரைன் மீது சுமார் 70 ஏவுகணைகளை ஏவியது. அவற்றில் பெரும்பாலானவற்றை உக்ரைனின் வான் பாதுகாப்புப் படை சுட்டு வீழ்த்திவிட்டது. அப்படியும் அன்று நாட்டின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. தலைநகர் கீவ் முழுக்கக் குடிநீர் வரவில்லை. பக்கத்து நாடான மால்டோவாவில் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் கரண்ட் போனது. உக்ரைனின் கையில் இருந்த மூன்று அணுமின் நிலையங்களும் ஒரே நாளில் மின்தொகுப்பிலிருந்து, அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் நாடு தழுவிய கம்பி வலையிலிருந்து, துண்டிக்கப்பட்டு நின்றன. இத்தனைக்கும் அந்த மூன்று நிலையங்கள் மீதும் அன்று ஓர் ஏவுகணைகூட விழவில்லை.

அடி வாங்காத நிலையம் ஏன் நின்றது? இதற்கு விடை தெரிந்தால், ஒரு நாட்டின் மின்சாரக் கட்டமைப்பை எதிரி எப்படித் தாக்குகிறான், அதை எப்படிக் காக்கலாம் என்பதில் பாதி புரிந்துவிடும். இந்தக் கட்டுரைக்கு முன்னறிவு எதுவும் தேவையில்லை. உக்ரைனையே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாட்டின் மின்தொகுப்பை இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு திட்டமிட்டு வேறு எங்கும் தாக்கியதில்லை. இவ்வளவு பிடிவாதமாக அதைக் காத்தவர்களும் இல்லை.

மின்தொகுப்பு எப்படி வேலை செய்கிறது

நெல்லைப் போலவோ பெட்ரோலைப் போலவோ மின்சாரத்தைக் கிடங்கில் குவித்து வைக்க முடியாது. பேட்டரிகள் வந்துவிட்டன என்றாலும், ஒரு நாட்டின் மொத்தத் தேவையோடு ஒப்பிட்டால் அவை இன்னும் கொஞ்சம்தான். ஆகவே இந்த நொடியில் நாடு முழுக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, அவ்வளவும் இந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். அந்தக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று காட்டுவது அதிர்வெண். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அது 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்னோட்டம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. உற்பத்தி குறைந்தால் அதிர்வெண் இறங்கும். தேவை சட்டென்று குறைந்தால் ஏறும். ஓரளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ மின் நிலையங்களில் ஜெனரேட்டரைச் சுழற்றும் பெரிய டர்பைன்கள் சேதமடையும் என்பதால், பாதுகாப்புக் கருவிகள் அவற்றைத் தாமாகவே தொகுப்பிலிருந்து கழற்றிவிடும்.

ஊர்கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடித்தவர்களில் கொஞ்சம் பேர் திடீரென்று கையை விட்டால், மிச்சம் இருப்பவர்கள் மேல் பாரம் ஏறும். அவர்களில் சிலரும் தாங்காமல் விடுவார்கள். கடைசியில் தேர் நின்றுவிடும். மின்தொகுப்பிலும் அதுதான் நடக்கிறது. ஒரு முக்கியமான துணை மின்நிலையம் (மின்னழுத்தத்தை மாற்றி, வெவ்வேறு கம்பிகளுக்குப் பிரித்து அனுப்பும் இடம்) போனால், அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்த மின்சாரம் வேறு கம்பிகளில் பாயும். அந்தக் கம்பிகள் அளவுக்கு மீறிச் சுமந்து துண்டித்துக்கொள்ளும். பிறகு அதிர்வெண் தடுமாறும், ஒன்றன்பின் ஒன்றாக மின் நிலையங்கள் விலகும். 2022 நவம்பர் 23 அன்று உக்ரைனின் அணுமின் நிலையங்கள் நின்றது இப்படித்தான்.

இதற்கு எதிரிகூடத் தேவையில்லை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் இந்தியாவின் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் தாமாகவே சரிந்தன. ஏறக்குறைய 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரம் இன்றி நின்றன. தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்கள் அன்று தப்பித்தன. ஏனென்றால் தென்னகத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வழியாக அந்த இணைப்பு வந்தது. இணைப்பு பெருகினால் ஒருவருக்கு ஒருவர் உதவலாம், ஆனால் ஒருவரின் விபத்து எல்லோரையும் தொடவும் கூடும். போர்க்காலத்தில் இந்த இரண்டும் உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகின்றன.

டிரான்ஸ்ஃபார்மர்தான் உயிர்நாடி

மின் நிலையத்தின் பெரிய புகைபோக்கியைப் பார்த்ததும், அதுதான் எதிரியின் முதல் இலக்கு என்று நமக்குத் தோன்றும். உண்மையில் தாக்குபவர்கள் முதலில் தேடுவது துணை மின்நிலையத்தில் நிற்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களை.

மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுபோக மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும். அப்போதுதான் வழியில் இழப்பு குறையும். உக்ரைனில் முதுகெலும்பாக இருப்பவை 330, 750 கிலோவோல்ட் கம்பிகள். ஊருக்கு அருகே வந்ததும் அந்த அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் செய்வது டிரான்ஸ்ஃபார்மர். நம் தெருமுனையில் கம்பத்தில் தொங்குவதும் அதன் உறவுதான், ஆனால் 750 கிலோவோல்ட் வகை 200 டன்னையும் தாண்டக்கூடியது. அதைச் சாதாரண லாரியில் ஏற்ற முடியாது. சிறப்பு ரயில் பெட்டியும் சிறப்பு வாகனமும் வேண்டும், வழியிலுள்ள பாலங்கள் அந்த எடையைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். கடையில் போய் வாங்கும் பொருளும் இல்லை. ஒவ்வொன்றையும் வாங்குபவரின் தேவைக்கேற்ப வடிவமைத்துச் செய்கிறார்கள். ஆர்டர் கொடுத்துவிட்டு ஒரு வருடமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும்.

அதன் பலவீனம் வயிற்றில் இருக்கிறது. உள்ளே உள்ள சுருள்களைக் குளிர்விக்கவும், மின்சாரம் தாவாமல் தடுக்கவும் பல ஆயிரம் லிட்டர் எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். நேரடியாக ஏவுகணை பட வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் வெடித்த குண்டின் சில்லு துளைத்தாலே எண்ணெய் ஒழுகும், சூடேறும், தீப்பிடிக்கும். 2013 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெட்காஃப் என்ற துணை மின்நிலையத்தின் மீது யாரோ துப்பாக்கியால் சுட்டார்கள். வெறும் துப்பாக்கிதான். 17 டிரான்ஸ்ஃபார்மர்கள் சேதமடைந்தன, சுமார் 2 லட்சம் லிட்டர் எண்ணெய் வெளியேறியது. மின்சாரத்தை வேறு வழியாகத் திருப்பிவிட்டதால் அந்தப் பகுதி இருளில் மூழ்கவில்லை. ஆனால் அந்த நிலையத்தைச் சரிசெய்ய ஏறக்குறைய நான்கு வாரம் ஆனது.

இதனால்தான் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ரஷ்யாவின் முதல் குளிர்காலத் தாக்குதல் அலை பெரும்பாலும் துணை மின்நிலையங்களைக் குறிவைத்தது. உக்ரைனின் தொகுப்பு சோவியத் காலத்தில் கட்டப்பட்டது. எந்த முடிச்சை அறுத்தால் எது விழும் என்பது மாஸ்கோவுக்கு நன்றாகத் தெரியும்.

இது புதிய உத்தி இல்லை

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடற்கரைக்கு வந்து சுமார் 130 குண்டுகள் வீசியது. அதன் முக்கிய இலக்கு துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அவை பற்றி எரிந்தன. எண்ணெய்த் தொட்டி பெரியது, தூரத்திலிருந்தே தெரியும், எளிதில் எரியும், அசையாமல் நிற்கும். தாக்குபவருக்கு அதைவிட வசதியான இலக்கு கிடையாது. இலங்கையில் 1995 அக்டோபரில் கொலன்னாவை எண்ணெய்க் கிடங்குகளை விடுதலைப் புலிகள் தாக்கியபோதும் இதே காரணம்தான்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் 1944 மே 12 முதல் ஜெர்மனியின் செயற்கை எரிபொருள் ஆலைகளைத் தொடர்ந்து குண்டுவீசித் தாக்கின. ஜெர்மானியர்கள் லட்சக்கணக்கானவர்களை, அவர்களில் பலர் கட்டாயக் கூலிகள், பழுதுபார்ப்பில் இறக்கினார்கள். ஆலைகள் சில வாரங்களில் மீண்டும் ஓடத் தொடங்கும். உடனே அடுத்த குண்டுவீச்சு வரும். முதல் அடியைவிட, எழுந்து நிற்கும்போதெல்லாம் விழும் அடிதான் அவர்களை வீழ்த்தியது. விமான எரிபொருள் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

1999 மே மாதம் நேட்டோ விமானங்கள் செர்பியா மீது மெல்லிய கிராஃபைட் இழைகளைத் தூவும் குண்டுகளைப் போட்டன. இழைகள் மின்கம்பிகளில் விழுந்து ஷார்ட் ஆக, நாட்டின் சுமார் 70 சதவீதம் இருண்டது. கட்டிடம் இடியவில்லை, ஆனால் மருத்துவமனையிலும் விளக்கு அணைந்தது. மின்கட்டமைப்பைத் தாக்குவது ஒரே ஒரு நாட்டின் பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முதல் வேலி: வானத்திலேயே தடுப்பது

வந்துகொண்டிருக்கும் ஏவுகணையைச் சுட்டு வீழ்த்துவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அது வேண்டியதுதான். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. காரணம் கணக்கில் இருக்கிறது. ரஷ்யா ஏவும் ஷாஹெட் வகை டிரோன் ஒன்றின் விலை சில பத்தாயிரம் டாலர்கள். வருவதை வானிலேயே வீழ்த்தும் அமெரிக்கத் தயாரிப்பான பேட்ரியட் ஏவுகணை ஒன்றின் விலை சில மில்லியன் டாலர்கள். மலிவானதை விலை உயர்ந்ததால் அடித்துக்கொண்டே இருந்தால், முதலில் தீர்ந்துபோவது காப்பவரின் கையிருப்பு.

கீவ் பகுதியின் மிகப் பெரிய அனல்மின் நிலையமான திரிபில்ஸ்காவுக்கு நடந்தது இதுதான். 2024 ஏப்ரல் 11 அன்று அதை நோக்கி 11 ஏவுகணைகள் வந்ததாகவும், முதல் 7 ஏவுகணைகளை வீழ்த்திவிட்டதாகவும், அதற்குப் பிறகு தங்களிடம் தடுப்பு ஏவுகணை மிச்சமில்லை என்றும் அதிபர் ஸெலென்ஸ்கி சொன்னார். எஞ்சிய 4 ஏவுகணைகள் நிலையத்தை முழுமையாக அழித்தன.

இதிலிருந்து உக்ரைன் கற்றுக்கொண்டது, ஆயுதத்தை இலக்குக்கு ஏற்ப அடுக்கடுக்காக வைப்பது. பாய்ந்து வரும் பாலிஸ்டிக் ஏவுகணைக்கு பேட்ரியட். மெதுவாகப் பறக்கும் டிரோனுக்கு, பிக்அப் வண்டியில் இயந்திரத் துப்பாக்கியும் தேடுவிளக்கும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் சுற்றும் குழுக்கள். டிரோன் எழுப்பும் இரைச்சலைக் கேட்டு அது எங்கே பறக்கிறது என்று சொல்லும் ஆயிரக்கணக்கான மைக்குகள் நாடு முழுக்கக் கம்பங்களில் நிற்கின்றன. சமீப காலமாக டிரோனை டிரோனாலேயே மோதி வீழ்த்துகிறார்கள்.

எவ்வளவு செலவு செய்தாலும் ஓட்டை இருக்கும் என்பதற்கு சவூதி அரேபியா சாட்சி. 2019 செப்டம்பர் 14 அன்று அப்கைக் எண்ணெய் பதப்படுத்தும் நிலையமும் குரைஸ் எண்ணெய் வயலும் டிரோன்களாலும் குரூஸ் ஏவுகணைகளாலும் தாக்கப்பட்டன. ஒரே காலையில் நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது. அது சவூதி உற்பத்தியில் ஏறக்குறைய பாதி, உலகத் தேவையில் சுமார் 5 சதவீதம். ஆயுதங்களுக்காக உலகிலேயே அதிகம் செலவழிக்கும் நாடுகளில் ஒன்று அது. தாழப் பறந்து வந்தவற்றை அந்த ஆயுதங்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் சேமிப்புத் தொட்டிகளில் கையிருப்பு இருந்தது, உதிரி பாகங்களும் வேலையாட்களும் இருந்தார்கள். ஆகவே சில வாரங்களில் உற்பத்தி பழைய நிலைக்கு வந்தது. சவூதியைக் காப்பாற்றியது அந்தக் கிடங்குகள்தான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது வேலி: மணல், கல், காங்கிரீட்

வானத்தைத் தாண்டி வந்ததைத் தரையில் சமாளிக்க வேண்டும். உக்ரைன் இதற்கு மூன்று நிலைகளாகத் திட்டம் போட்டது.

முதல் நிலையில், கம்பிவலைக் கூண்டுகளில் கல்லை நிரப்பி, மணல் மூட்டைகளை அடுக்கி, டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிச் சுவர்போல எழுப்புகிறார்கள். வெள்ளக் காலத்தில் ஆற்றங்கரையில் அடுக்குவார்களே, அதே பொருள்தான். பக்கத்தில் வெடித்தால் சில்லுகள் துளைக்காது. மலிவு, வேகமாகக் கட்டலாம். டிரான்ஸ்ஃபார்மரைச் சாய்க்க ஒரு சில்லே போதும் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே இந்த எளிய வேலி காப்பாற்றியவை ஏராளம்.

இரண்டாவது நிலை, டிரான்ஸ்ஃபார்மரை முழுக்க மூடும் காங்கிரீட் கூடு. டிரோன் நேரே வந்து மோதினாலும் தாங்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஓடும் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும், அதற்குக் காற்று வேண்டும். உயர் அழுத்தக் கம்பிகளுக்கும் சுவருக்கும் இடைவெளி வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மூடிவிட்டால் எதிரி செய்ய வேண்டிய வேலையை நாமே செய்ததாகிவிடும். அதனால் ஒவ்வொரு கூட்டையும் கணக்குப் போட்டு, வழி விட்டுக் கட்டுகிறார்கள்.

மூன்றாவது நிலை, ஏவுகணையையே தாங்கும் பிரம்மாண்டமான கட்டுமானம். செலவும் காலமும் மலைக்க வைப்பவை, எல்லா இடத்திலும் கட்ட எந்த நாட்டாலும் முடியாது. ஒரு முழு அனல்மின் நிலையத்தின் கொதிகலன் கூடத்தையோ டர்பைன் கூடத்தையோ காங்கிரீட்டால் மூடுவது நடக்காத காரியம். அங்கேதான் சுவரின் எல்லை முடிகிறது.

உண்மையான பாதுகாப்பு: விழுந்த பின் எழுவது

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அடி விழாமல் தடுப்பதையே நாம் நினைக்கிறோம். எரிசக்தி விஷயத்தில் அடி விழும் என்று ஒப்புக்கொண்டு தொடங்க வேண்டும். எவ்வளவு குறைவான பேருக்கு, எவ்வளவு குறைந்த நேரம் மின்சாரம் போகிறது என்பதுதான் சரியான அளவுகோல். அதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் போருக்கு முன்பே செய்து வைத்த காரியங்கள்.

உதாரணமாக, இணைப்பு. 2022 பிப்ரவரி 24 அதிகாலை வரை உக்ரைனின் மின்தொகுப்பு ரஷ்யா, பெலாரஸ் தொகுப்புகளோடு ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவோடு இணைவதற்கான சோதனையாக அன்று அதிகாலை தனியே கழன்றுகொண்டது. சில மணி நேரத்தில் படையெடுப்பு தொடங்கியது. 2023-இல் நடக்க வேண்டியிருந்த ஐரோப்பிய இணைப்பைப் பொறியாளர்கள் 2022 மார்ச் 16 அன்றே செய்து முடித்தார்கள். போர் நடக்கும் நாட்டில், மூன்றே வாரத்தில்! இந்தப் போரின் பெரிய வெற்றிகளில் இதையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2024 டிசம்பரிலிருந்து ஐரோப்பாவிலிருந்து ஒரே நேரத்தில் 2,100 மெகாவாட் வரை வாங்க முடிந்தது. அந்தக் கம்பிகள் இல்லாவிட்டால் பல இரவுகள் முழு இருட்டாகவே கழிந்திருக்கும்.

அடுத்தது உதிரிக் கையிருப்பு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்க ஒரு வருடம் ஆகும் என்றால், முன்னமே வாங்கி, பல இடங்களில் பிரித்து, மறைத்து வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் போலந்தில் கிடங்குகள் அமைத்து ஜெனரேட்டர்களும் உபகரணங்களும் அனுப்பியது. லித்துவேனியா தன் தலைநகர் வில்னியஸில் மூடிக் கிடந்த அனல்மின் நிலையத்தைப் பாகம் பாகமாகப் பிரித்து உக்ரைனுக்குக் கொடுத்தது. பழைய சோவியத் வடிவமைப்பு என்பதால் பாகங்கள் பொருந்தின. ஒரு நாட்டில் எல்லா நிலையங்களிலும் ஒரே வகை உபகரணம் இருந்தால், ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். ஆளுக்கொரு வகை வாங்கி வைத்தால் போர்க்காலத்தில் எதுவும் எதோடும் சேராது. அமைதிக் காலத்து டெண்டரில் யாரும் இதை யோசிப்பதில்லை என்பது வருத்தமான விஷயம்.

அப்புறம் பரவல். ஒரே இடத்தில் 1,800 மெகாவாட் நின்றால் நான்கு ஏவுகணையில் அது போய்விடும். அதே அளவை நூறு சிறிய கேஸ் என்ஜின்களாகவோ, கூரைமேல் சூரியத் தகடுகளாகவோ, தள்ளித் தள்ளி நிற்கும் காற்றாலைகளாகவோ வைத்தால், ஒவ்வொன்றையும் தேடி அடிக்க எதிரிக்கு ஆயுதம் கட்டுப்படியாகாது. 2024 வசந்த காலத்தில் மட்டும் சுமார் 9,000 மெகாவாட் உற்பத்தித் திறனை இழந்த பிறகு உக்ரைன் இந்த வழியில் வேகமாகத் திரும்பியது. அந்நாட்டின் பெரிய தனியார் மின் நிறுவனமான டிடெக் 2025-இல் ஆறு இடங்களில் மொத்தம் 200 மெகாவாட் பேட்டரிகளை நிறுவியது. அதிர்வெண் தடுமாறும்போது பேட்டரி நொடிக்குள் கைகொடுக்கும், தேர் நிற்பதற்குள் வடத்தைப் பிடித்துவிடும். சூரிய ஒளிக்குக் குளிர்காலத்தில் வலு குறைவு என்பதும், பெரிய ஆலைகள் இல்லாமல் தொழில்நகரம் ஓடாது என்பதும் உண்மைதான். ஆனாலும் ஒரு மருத்துவமனைக்கும் ஒரு தண்ணீர் பம்புக்கும் கூரைத் தகடும் பேட்டரியும் போதும்.

பழுதுபார்ப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க மனம் வரவில்லை. தீ அணைந்ததும் முதலில் உள்ளே போகிறவர்கள் மின்வாரியத் தொழிலாளர்கள். ஜெர்மனியில் பார்த்தோமே, எழுந்ததும் மறுபடி அடிப்பது, அதே முறை இங்கே இன்னும் கொடூரமாக வந்தது. முதல் குண்டு விழுந்து, சரிசெய்ய ஆட்கள் வந்ததும் அதே இடத்தில் இரண்டாவது குண்டு. போர் தொடங்கியதிலிருந்து உக்ரைனில் நூற்றுக்கும் மேற்பட்ட எரிசக்தித் துறைப் பணியாளர்கள் இறந்திருக்கிறார்கள். குண்டு துளைக்காத அங்கியும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு மைனஸ் டிகிரி குளிரில் கம்பத்தில் ஏறுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். 330 கிலோவோல்ட் கம்பியில் இருபது வருடம் வேலை செய்த கைகளை எந்த நாடும் இறக்குமதி செய்ய முடியாது. அவர்களுக்குப் பதுங்கு குழியும், எச்சரிக்கை வந்ததும் வேலையை நிறுத்தும் உரிமையும், இறந்தால் குடும்பத்துக்கு ஆதரவும் தருவது எரிசக்திப் பாதுகாப்பில் சேர்ந்ததுதான்.

கணினி வழித் தாக்குதல்

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனின் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் தொலைவிலிருந்தே சுவிட்சுகளைத் திறந்துவிட்டார்கள். சுமார் 2.25 லட்சம் இணைப்புகளுக்குச் சில மணி நேரம் மின்சாரம் இல்லை. மீட்டது எப்படி? ஊழியர்கள் வண்டியில் ஏறித் துணை மின்நிலையங்களுக்கு ஓடி, கையால் சுவிட்சைப் போட்டார்கள். பழைய கைமுறை வசதியை வைத்திருந்ததே கைகொடுத்தது. எல்லாவற்றையும் தானியங்கியாக மாற்றிக்கொண்டிருக்கும் நாடுகள் கைமுறை வழியையும், அது தெரிந்த ஆட்களையும் விட்டுவிடக் கூடாது.

மக்கள் பக்கம்

மின்சாரம் போனால் இருட்டு மட்டும் வருவதில்லை. தண்ணீர் பம்ப் நிற்கும், கழிவுநீர் வெளியேறாது, செல்போன் கோபுரம் பேட்டரி தீர்ந்ததும் ஓயும். கீவ் போன்ற நகரங்களில் வீடுகளைச் சூடாக்குவது மையக் கொதிகலனிலிருந்து குழாய் வழியே வரும் வெந்நீர். பம்ப் நின்று, அந்தத் தண்ணீர் குழாயிலேயே உறைந்தால் குழாய் வெடித்துவிடும். பிறகு மின்சாரம் வந்தாலும் அந்த வீடுகள் சூடாகாது. அதனால் கடுங்குளிரில் மின்தடை நீண்டால் குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்துவிட வேண்டியிருக்கிறது.

மின்சாரம் போதாதபோது எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் தொகுப்பே சரியும். ஆகவே பகுதிகளைக் குழுக்களாகப் பிரித்து, முறைவைத்து நிறுத்துகிறார்கள். 2008 முதல் 2014 வரை பவர் கட்டோடு வாழ்ந்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. அட்டவணை முன்கூட்டியே தெரிந்தால் மக்கள் சமையலையும் வேலையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள். உக்ரைனில் 2022 நவம்பர் முதல் பள்ளிகளிலும் கூடாரங்களிலும் உதவி மையங்கள் திறந்தார்கள். வெப்பம், தேநீர், இணையம், போனுக்குச் சார்ஜ் எல்லாம் அங்கே கிடைக்கும்.

தமிழர்களில் ஒரு பகுதியினர் இதைவிட நீண்ட இருட்டை அனுபவித்திருக்கிறார்கள். 1990-களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமலே ஆண்டுகள் கழிந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அந்தத் திறமையை நான் வியக்கிறேன். ஆனால் மக்கள் சமாளித்துக்கொள்வார்கள் என்ற வாதத்தைத் தாக்குபவரும் சொல்ல முடியும், காக்கத் தவறிய அரசும் சொல்ல முடியும். இரண்டு பேருக்கும் அந்த உரிமை கிடையாது. டயாலிசிஸ் இயந்திரமும் குறைமாதக் குழந்தையின் இன்குபேட்டரும் சைக்கிள் டைனமோவில் ஓடாது.

சட்டம் என்ன சொல்கிறது

ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, ராணுவ இலக்குகளை மட்டுமே தாக்கலாம் என்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒரே கம்பியில் ராணுவ முகாமும் மருத்துவமனையும் மின்சாரம் பெறுகின்றன. ராணுவத்துக்கும் பயன்படுகிறது என்று சொல்லி எந்த மின் நிலையத்தையும் இலக்காக்கப் பார்க்கிறார்கள். அப்படியே இருந்தாலும், கிடைக்கும் ராணுவ லாபத்தைவிடப் பொதுமக்களுக்கு வரும் கேடு மிஞ்சினால் அந்தத் தாக்குதல் சட்ட விரோதம். மக்கள் உயிர்வாழத் தேவையான குடிநீர் அமைப்பு போன்றவற்றைத் தாக்குவதை 54-ஆம் பிரிவு தடுக்கிறது. அணைகளுக்கும் அணுமின் நிலையங்களுக்கும் 56-ஆம் பிரிவு தனிப் பாதுகாப்பு தருகிறது.

காகிதத்தில் இருப்பது களத்தில் எவ்வளவு நிற்கிறது? 2023 ஜூன் 6 அன்று உக்ரைனின் ககோவ்கா அணை தகர்ந்து, கீழே இருந்த ஊர்கள் மூழ்கின. 6 உலைகள் கொண்ட ஸாப்போரீஷியா அணுமின் நிலையம், ஐரோப்பாவிலேயே பெரியது, 2022 மார்ச் 4 முதல் ரஷ்யப் படையின் பிடியில் இருக்கிறது. உலையை நிறுத்திவிட்டாலும் அதன் உள்வெப்பம் தணிய நீண்ட காலம் ஆகும். அதுவரை குளிர்விக்கும் பம்புகளுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். அந்தக் கம்பிகள் பலமுறை அறுந்து, டீசல் ஜெனரேட்டர்களை நம்பி நிற்க நேர்ந்தது. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் சுனாமி அந்த ஜெனரேட்டர்களை மூழ்கடித்த பிறகுதான் உலைகள் உருகின. அணுமின் நிலையத்தைக் காப்பது என்றால் அதற்கு வரும் கம்பியையும் துணை மின்நிலையத்தையும் சேர்த்துக் காப்பதுதான்.

சட்டம் கொஞ்சம் அசைந்தும் இருக்கிறது. உக்ரைனின் மின்கட்டமைப்பைத் தாக்க உத்தரவிட்டதாக 2024 மார்ச் 5 அன்று இரண்டு ரஷ்யத் தளபதிகள் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கைது ஆணை பிறப்பித்தது. ஜூனில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் செர்கெய் ஷோய்கு மீதும் ராணுவத் தலைமைத் தளபதி வலேரி கெராசிமோவ் மீதும் ஆணைகள் வந்தன. விளக்கை அணைத்ததற்காக ஒரு தளபதி மீது அந்த நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது அதுவே முதல்முறை.

நம் அருகிலேயே ஓர் ஒப்பந்தம் உண்டு. 1988 டிசம்பர் 31 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் அணுசக்தி நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று கையெழுத்திட்டன. 1991-இல் அது நடைமுறைக்கு வந்தது. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் தத்தம் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. 1999-இல் கார்கில் போர் நடந்தும் அந்த வழக்கம் நிற்கவில்லை. கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் அருகே வாழ்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த ஒப்பந்தம் அணுசக்தியோடு நிற்கிறது. அனல்மின் நிலையமும், 400 கிலோவோல்ட் துணை மின்நிலையமும், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், பெரிய அணைகளும் அதில் வராது. உக்ரைனில் நடந்ததைப் பார்த்த பிறகு, அந்தப் பட்டியலை நீட்டச் சொல்லி இரு நாட்டு அரசுகளையும் மக்கள் கேட்க வேண்டும். அமைதி இருக்கும்போதே கேட்க வேண்டும்.